காலடியில் ஒரு வுட்காக்: தேடுபவர்களும் படமெடுப்பவர்களும் செய்யும் தவறுகள்

மார்ச் கடைசி வாரம். நியூ ஜெர்சியில் பனி உருகி மண் இளகியிருந்தது. ஈரக்காட்டு ஓரம் ஒன்றில் நின்று பத்து நிமிடமாகத் தூரத்துப் புதர்களையெல்லாம் பைனாகுலரில் துழாவிக்கொண்டிருந்தேன். கால் மரத்துப்போய்ச் சற்று மாற்றி வைத்ததுதான் தாமதம், இரண்டடி தள்ளிக் கிடந்த சருகில் ஒரு பகுதி இறக்கை முளைத்துக் கிளம்பிப் போய்விட்டது. அமெரிக்க வுட்காக்கை நான் முதலில் பார்த்தது இப்படித்தான், அதுவும் அதன் முதுகை.

உள்ளான் குடும்பத்துப் பறவை இது. நீளம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் அதிகம். நம் ஊரில் இருட்டிய பின் வண்டிப்பாதையில் உட்கார்ந்திருக்கும் பக்கிக்குருவியைப் பார்த்தவர்களுக்கு இதன் வித்தை உடனே புரியும். சருகோடு சருகாகக் கிடக்கும், மிதிபடும் தூரம் வரும்வரை அசையாது.

தேடுபவர்களின் முதல் தவறு, முழுப் பறவையைத் தேடுவது. அப்படி ஒன்று கண்ணுக்குக் கிடைக்கவே கிடைக்காது. கண்ணைத் தேடுங்கள். தலையின் மேற்புறத்தில், நன்றாகப் பின்னால் தள்ளி, பெரிதாகக் கறுப்பாக இருக்கும். வெளிச்சம் பட்டால் மினுங்கும். அடுத்து அலகு, ஆறேழு சென்டிமீட்டருக்கு நேராக ஒரு குச்சி. உச்சந்தலையில் கறுப்புப் பட்டைகள் குறுக்காக ஓடும். நெடுக்காக ஓடினால் நீங்கள் பார்ப்பது விசிறிவால் உள்ளானின் அமெரிக்கச் சொந்தம். காலடியில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொலைவுக்குப் போங்கள். நான் தலைகீழாகச் செய்தேன்.

இடத்திலும் பலர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். காட்டுப்பறவை என்று கேட்டதும் பெருமரக் காட்டுக்குள் போய்விடுகிறார்கள். இதற்கு மண்புழு வேண்டும், ஈரமண் வேண்டும், தலைக்கு மேல் மறைப்பு வேண்டும். அதனால் ஆல்டர் புதர், இளங்காடு, பயிரிடாமல் விட்டுப் புதர் மண்டிய வயல் இவைதான் அதன் பேட்டை. வலசைக் காலம் மட்டும் விதிவிலக்கு. மார்ச் மாதத்தில் மன்ஹாட்டன் நடுவே பிரையன்ட் பூங்காவின் செடிப்படுகைகளில் வுட்காக் வந்து நிற்கும், பக்கத்து மேசையில் ஆட்கள் மதியச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். நடக்கும்போது உடம்பை முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டித்தான் அடியெடுத்து வைக்கும், பார்க்கச் சிரிப்பாக இருக்கும்.

சரி, நேரம். பகலில் அலைந்து திரிந்துவிட்டு அந்தி சாயும்போது வீட்டுக்குக் கிளம்புகிறவர்கள் நல்ல பகுதியைத் தவறவிடுகிறார்கள். சூரியன் மறைந்து கால் மணி நேரம் போல ஆனதும் வெட்டவெளியில் ஆண்பறவை மூக்கால் ‘பீன்ட்’ என்று கூப்பிடும். பிறகு வட்டமடித்து மேலே ஏறும். கிட்டத்தட்ட நூறு மீட்டர் உயரம் வரை கிறீச்சென்ற ஒரு கிணுகிணுப்பு கேட்கும். அது தொண்டையிலிருந்து வருவதில்லை, ஒவ்வொரு இறக்கையிலும் வெளிப்புறத்தில் உள்ள மூன்று ஒடுங்கிய சிறகுகள் காற்றைக் கிழிக்கும் சத்தம். அப்புறம் கோணல்மாணலாக இறங்கி, ஏறிய இடத்துக்குப் பக்கத்திலேயே உட்காரும். அதனால் துரத்திக்கொண்டு ஓட வேண்டியதில்லை. இருட்டுவதற்கு முன்பே வெளியின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டால் அதுவே திரும்பத் திரும்ப வரும். இருட்டுக்குப் பழகிய அந்தக் கண்ணில் ஃப்ளாஷ் அடிக்காதீர்கள், கைபேசியில் பதிவுக் குரலை ஒலிக்கவிட்டு ஏமாற்றாதீர்கள். மங்கிய வானத்தில் ஒரு நிழலுருவம் கிடைத்தால் போதும், மீதிக்கு அதன் சத்தத்தை ஒலிப்பதிவு செய்துகொள்ளலாம்.

கேமராவில் வழக்கமான சங்கடம், தானாகவே குவியம் பிடிக்கும் ஆட்டோஃபோகஸ். பறவையை விட்டுவிட்டு முன்னால் நிற்கும் சுள்ளியைப் பிடித்துக்கொள்ளும். ஒற்றைக் குவியப் புள்ளியைப் பறவையின் கண்ணில் வையுங்கள், கேட்காவிட்டால் கையால் திருகிச் சரிசெய்யுங்கள். லென்ஸ் துளையை முழுதாகத் திறந்தால் கண் தெளிந்து அலகு நுனி மங்கிவிடும், துளையைச் சுருக்கி எஃப் 8 அளவுப் பக்கம் போகலாம். வெளிச்சம் போதாதே என்று ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்வை) ஏற்றிக்கொண்டே போகவும் வேண்டாம். இது அசையாத பறவை, ட்ரைபாடில் வைத்தால் நொடியில் நூறில் ஒரு பங்கு ஷட்டர் வேகம்கூடத் தாங்கும். இன்னொன்று என் சொந்த ருசி: படத்தை நெருக்கி வெட்டிவிட்டால் எஞ்சுவது வெறும் பழுப்புப் பறவை. சருகுப் பரப்போடு அகலமாக எடுங்கள், பார்ப்பவரும் கொஞ்சம் தேடட்டுமே.

இதுவரை சொன்ன தவறுகளால் நமக்குத்தான் நஷ்டம். அசையாமல் இருக்கிறதே, பழகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக் கிட்டே போவதில் நஷ்டம் பறவைக்கு. கண்கள் அமைந்திருக்கும் விதத்தால் தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய முழு வட்டமும் அதற்குத் தெரியும். நாம் கண்டுபிடிப்பதற்கு வெகு முன்பே அது நம்மைப் பார்த்துவிட்டு, பயத்தில் ஒடுங்கிக் கிடக்கிறது. ஏப்ரலில் அப்படி ஒட்டிக்கிடப்பது முட்டைமேல் உட்கார்ந்திருக்கும் பெண்பறவையாக இருக்கலாம். தரையில் சின்னப் பள்ளம், பெரும்பாலும் நான்கு முட்டை, மூன்று வாரம் தனியாளாக அடைகாக்க வேண்டும். தொடக்க நாட்களில் கிளப்பிவிட்டால் கூட்டையே கைவிட்டுவிடவும் கூடும். படத்துக்கு இடைஞ்சல் என்று முன்னால் இருக்கும் சுள்ளியை ஒடித்துப் போடுகிறவர்கள், ரக்கூனுக்கும் காகத்துக்கும் வழிகாட்டிவிட்டுப் போகிறார்கள். இரண்டு மூன்று படம் எடுங்கள், வந்த வழியே திரும்புங்கள், இடத்தை இணையத்தில் போடாதீர்கள். இறக்கையைத் தொங்கவிட்டு நொண்டியபடி ஒரு பறவை முன்னால் ஓடினால் அதன் பின்னால் போகாதீர்கள். உங்களை இழுத்துச் செல்லும் நடிப்பு அது. குஞ்சுகள் உங்கள் காலடியிலேயே கிடக்கலாம். நின்று, தரையைப் பார்த்து, உங்கள் சுவட்டிலேயே பின்வாங்குங்கள்.

நாயை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள், இந்தக் காடுகளில் லைம் நோய் பரப்பும் உண்ணிகள் உண்டு. தரையில் குப்புறப் படுத்துப் படமெடுத்திருந்தால் காதுமடலுக்குப் பின்னாலும் தடவிப் பாருங்கள்.