டை அடிப்பதை நிறுத்தி நரைக்குத் திரும்புவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மியான்மரின் யாங்கோனில் திஞ்சான் என்னும் புத்தாண்டு நீர்த்திருவிழா நெருங்கும் ஏப்ரல் முதல் வாரத்தில், என் கடைக்கு வரும் பெண்களில் சிலர் ஆண்டுதோறும் ஒரே கோரிக்கையோடு வருகிறார்கள். "புது வருஷத்திலிருந்து டை அடிக்கப்போவதில்லை அக்கா, இன்றைக்கே எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்" என்பதே அது. தயோ மரப்பட்டையையும் கின்பூன் காயையும் கொதிக்கவைத்து வடித்த நீரால் தலைமுழுகிப் பழைய ஆண்டைக் கழிப்பது இந்நாட்டு வழக்கம்; கின்பூன் என்பது நம் சீயக்காய்தான் என்பதால் தமிழ் வீடுகளிலும் அதைச் செய்கிறோம். தெய்ஞ்சி சந்தையில் அந்த நீரைச் சிறு பிளாஸ்டிக் பைகளில் கட்டி விற்பார்கள். ஆனால் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக ஏறிய சாயம் எந்தத் தலைமுழுக்கிலும் ஒரே நாளில் போய்விடாது.

நானும் முப்பத்தொன்பது வயதில் டை அடிக்கத் தொடங்கி ஐம்பத்தொன்றில் நிறுத்தியவள். நிறுத்தியபோது நான் செய்த பிழைகளையே இவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்க மனம் ஒப்பவில்லை. கொதிநீரில் தலை குளிக்கக் கூடாது, ஈர முடியைச் சீப்பால் இழுக்கக் கூடாது என்பன போன்றவற்றை எல்லாரும் அறிவார்கள். அவற்றை இங்கே எழுதவில்லை.

நரையை ஒரு நிறம் என்று எண்ணுவது

முடியின் வேரில் இருக்கும் செல்கள் மெலனின் என்ற நிறமியைத் தயாரித்து முடிக்குள் செலுத்துகின்றன. அந்தச் செல்கள் வற்றியபின் வளரும் முடியில் நிறமி இருப்பதில்லை. கறுப்பு முடியும் நிறமியற்ற வெள்ளை முடியும் கலந்து நிற்பதையே நம் கண் சாம்பல் நிறமாகக் காண்கிறது. ஆகவே கறுப்பு முடியை நரையாக்கும் டை என்று ஒன்று கிடையாது. இல்லாத ஒன்றை முடியின்மேல் பூச முடியாது.

நிரந்தர டையில் உள்ள அமோனியா முடியின் செதில்களைத் திறக்கிறது. உள்ளே நுழையும் சிறு மூலக்கூறுகள் டையோடு கலக்கும் பெராக்சைடோடு வினைபுரிந்து பெரிய மூலக்கூறுகளாகித் திரும்பி வெளியேற வழியின்றி அங்கேயே தங்குகின்றன. அதே பெராக்சைடு, இயற்கையாக இருந்த மெலனினையும் ஓரளவு அழித்துவிடுகிறது. அதனால் சாயம் மங்கிய பிறகு இளவயதுக் கறுப்பு திரும்புவதில்லை, செம்பட்டைதான் தெரியும்.

முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 முதல் 1.25 சென்டிமீட்டர் வளர்கிறது. தையல் நாடாவால் உங்கள் வகிட்டிலிருந்து நுனிவரை அளந்து பாருங்கள். 30 சென்டிமீட்டர் இருந்தால், நீளத்தைக் குறைக்காமல் முழுதும் நரையாக இரண்டு முதல் இரண்டரை ஆண்டு ஆகும். தோளுக்கு மேல் வெட்டிக்கொண்டால் காலம் பாதியாகும். இந்தக் கணக்கைப் போடாமல் தொடங்கியவர்கள்தாம் ஐந்தாம் மாதத்தில் மனம் உடைந்து திரும்புகிறார்கள்.

தலையில் என்ன ஏறியிருக்கிறது என்று அறியாமல் ப்ளீச் வைப்பது

இதைப் பற்றி நான் நீளமாக எழுதுவதற்குக் காரணம் என் சின்னம்மா.

மகள் திருமணத்துக்கு மூன்று வாரம் இருக்கையில் அவர் மோல்மீனிலிருந்து ரயிலில் வந்து என் கடையில் அமர்ந்தார். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் பாதி வெள்ளை, பாதி கறுப்பாக நிற்க முடியாது என்றும், ஒரேயடியாக வெள்ளையாக்கிவிடு என்றும் கேட்டார். "இத்தனை வருஷமும் என்ன போட்டீங்க சின்னம்மா?" என்றேன். "மருதாணிதான் பிள்ளை, வேற ஒண்ணும் தொடல" என்றார். நான் அதை அப்படியே நம்பினேன். மருதாணி இலை எந்த நாளிலும் வெள்ளை முடியைக் கறுப்பாக்காது என்பது தெரிந்திருந்தும், கைப்பழக்கத்தில் 20 வால்யூம் (6 சதவீத வலு) பெராக்சைடில் ப்ளீச் பொடியைக் குழைத்து, உச்சியிலிருந்து கற்றை கற்றையாக எடுத்து ஃபாயிலில் மடித்தேன்.

ஏழெட்டு நிமிடத்தில் "காதுக்கு மேல சுடுது" என்றார். ஃபாயிலைத் தொட்டேன், அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தின் மூடியைப் போலக் கொதித்தது. பிரித்தபோது மெல்லிய ஆவி எழுந்தது. அழுகிய முட்டை நாற்றம் கடை முழுவதும் பரவியது. ஓடிப்போய் நீரில் அலசினேன். முடியின் நடுப்பகுதி ஆரஞ்சாகவும் நுனி பாசியின் பச்சையாகவும் இருந்தன. ஒரு இழையை இரு விரல்களுக்கு நடுவே பிடித்து இழுத்தேன். அது ரப்பரைப் போல நீண்டு, சுருங்காமல் அப்படியே அறுந்து கையோடு வந்தது. சின்னம்மா என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. திருமணப் படங்கள் அனைத்திலும் அவர் சேலைத் தலைப்பால் தலையை மூடியபடியே நிற்கிறார்.

அவர் 'மருதாணி' என்றது, ஒரு மணி நேரத்தில் கன்னங்கரேலென்று ஆக்கும் கறுப்புப் பொடிப் பாக்கெட்டை. உண்மையான மருதாணியில் இருப்பது லாசோன் என்ற பொருள். அது முடியின் புரதத்தோடு ஒட்டி ஆரஞ்சுச் சிவப்பு மட்டுமே தரும். அதன்மேல் நீலம் தரும் அவுரி இலைப் பொடியைப் பூசினால்தான் கறுப்பு வரும். அதற்கு இரண்டு கட்டமும் பல மணி நேரமும் தேவை. ஒரே பூச்சில் கறுப்பாக்கும் பொடிகளில் பெரும்பாலும் பிபிடி என்ற பாராபினைலீன்டயமீன் இருக்கும். சிலவற்றில் உலோக உப்புகளும் இருக்கும். உலோகம் படிந்த முடியில் பெராக்சைடு பட்டவுடன் கடும் வெப்பம் உண்டாகி முடி வெந்துபோகலாம். அவுரி ஏறிய முடியில் ப்ளீச் வைத்தால் நீலம் முழுதும் வெளியேறாமல் பச்சையாக எஞ்சும். நாளுக்கு நாள் சிறிது சிறிதாகக் கறுப்பாக்கும் தலைக்கிரீம்களும் உலோக உப்பு வகைதான். அவற்றில் நெடுங்காலம் சேர்க்கப்பட்டு வந்த லெட் அசிடேட் என்ற ஈய உப்புக்குத் தந்திருந்த அனுமதியை அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் திரும்பப் பெறுவதாக 2018இல்தான் அறிவித்தது; பழைய சரக்கு இன்னும் எந்தெந்த அலமாரியில் கிடக்கிறதோ என்ற அச்சம் எனக்கு உண்டு.

இத்தனை ஆண்டு கழிந்தும் எனக்கு ஆத்திரம் தணியாதது இங்கேதான். இலைப் படம் அச்சிட்ட பாக்கெட்டைக் காட்டி "இதில் கெமிக்கல் இல்லை" என்று விற்கிறார்கள். வாங்கியவர் அதை நம்பி எங்களிடம் "மருதாணி" என்கிறார். நாங்கள் மேற்கொண்டு கேட்பதில்லை. சென்ற ஆண்டு இந்நகரிலேயே ஓர் அழகு நிலையத்தில், பள்ளி ஆசிரியை ஒருவருக்கு ஒரே அமர்வில் மூன்று முறை ப்ளீச் வைத்திருக்கிறார்கள். என்னிடம் அவர் வந்தபோது உச்சியில் உள்ளங்கை அளவுக்கு முடி அடியோடு ஒடிந்திருந்தது.

ஆகவே இப்போது காலிப் பாக்கெட்டைக் கொண்டுவரச் சொல்கிறேன். 30 சென்டிமீட்டர் முடியின் நுனி இரண்டரை ஆண்டுக்கு முன் தலையைவிட்டு வெளிவந்தது. அன்று என்ன பூசினார்களோ அது இன்றும் அங்கே இருக்கிறது. பாக்கெட் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பிடரிப் பக்கத்தில் உள்ளடங்கிய ஒரு மெல்லிய கற்றையை வெட்டி, கண்ணாடிக் கிண்ணத்தில் 30 மில்லி 20 வால்யூம் பெராக்சைடோடு அழகு நிலையங்களில் வைத்திருக்கும் அமோனியாத் திரவம் 20 சொட்டு கலந்து அரை மணி நேரம் ஊறவைக்கிறேன். நீர் சூடேறினாலோ, குமிழி பொங்கினாலோ, நாற்றம் எழுந்தாலோ, முடி கரைந்தாலோ அந்தத் தலையில் ப்ளீச் வைப்பதில்லை. முடி சற்றும் வெளுக்காமல் கல்லைப்போல் கிடந்தாலும் வைப்பதில்லை; அதுவும் உலோகம் படிந்ததன் அடையாளமாக இருக்கலாம். இந்தச் சோதனையைச் செய்ய மறுக்கும் கடையில் தலையைக் கொடுக்காதீர்கள்.

சோதனையில் தேறிய முடிக்கும் முழுத்தலை ப்ளீச் நல்ல வழி அன்று. கறுப்புச் சாயம் செம்பழுப்பாகி, ஆரஞ்சாகி, மஞ்சளாகித்தான் வெளுக்கும். அவ்வளவு தூரம் போவதற்குள் முடியின் வலு போய்விடுகிறது. மேலும், உங்கள் நரைக்கென்று ஓர் ஒழுங்கு இருக்கிறது. பெரும்பாலோருக்குக் காதோரத்திலும் நெற்றியோரத்திலும் அடர்ந்து, பிடரியில் கறுப்பு கடைசிவரை நிற்கும். ஒரே சீராக வெளுத்த தலைக்குக் கீழிருந்து பிடரியின் கறுப்பு முளைக்கும்போது, இரு நிறங்களுக்கு நடுவே மீண்டும் ஓர் எல்லைக்கோடு விழுகிறது. நரை 10 சென்டிமீட்டர் வளரும்வரை பொறுத்து, அதன் ஒழுங்கைக் கண்டபின், எல்லைக்கோட்டை ஒட்டி மட்டும் மெல்லிய இழைகளாக வெளுத்துக் கலந்துவிடுவதே போதுமானது.

"இந்த ஒரு தடவை மட்டும்"

மூன்றாம் மாதத்தில், வகிட்டின் இருபுறமும் இரு விரல் அகலத்துக்கு வெள்ளைப் பட்டை தெரியும் சமயத்தில், எங்கிருந்தோ ஒரு திருமண அழைப்பு வந்துவிடும். நான் இருமுறை வழுக்கினேன். இரண்டிலும் சேர்த்து ஒன்பது மாத வளர்ச்சியை இரண்டே மாலைகளில் இழந்தேன். அமோனியா இல்லாத டை என்றாலும் துணிந்துவிடாதீர்கள். பெராக்சைடு கலக்கும் எதுவும் வெள்ளை முடியில் கறையாகவேனும் தங்கும். தவிர்க்க முடியாத நாளில் வேருக்குப் பூசி அன்றே கழுவிவிடும் பொடியோ ஸ்ப்ரேயோ போதும். வகிட்டை நேராக எடுக்காமல் வளைத்து எடுத்தால் பட்டை உடைந்து தெரியும். கொண்டையும் பூவும் உதவுவதைப் போல வேறெதுவும் உதவுவதில்லை.

ஊதா ஷாம்புவைத் தினமும் போடுவது

ஊதா, மஞ்சளின் எதிர் நிறம். அதனால் வெள்ளை முடியில் படிந்த மஞ்சளை அது மறைக்கிறது. வாரத்துக்கு ஒரு முறை, இரண்டு நிமிடம். அதற்கு மேல் போனால் முடி கத்தரிப்பூ நிறம் ஏறி மங்கிவிடும்.

ஷாம்புவைத் தேடுவதற்கு முன், மஞ்சள் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நிறமி இல்லாத முடிக்கு வெயிலைத் தாங்கும் காப்பு குறைவு. ஆகவே குடையும் தொப்பியும் வேண்டும். தாளிப்புப் புகை படியும், பச்சைநிற மூலிகை எண்ணெய் படியும், முடியை நேராக்கும் சூடான இஸ்திரிக் கருவி வெள்ளை முடியைப் பழுப்பாக்கும். எங்கள் வீட்டுக் குழாய்க்கிணற்று நீரை இரவு வாளியில் பிடித்துவைத்தால் விடியும்போது அடியில் செந்துரு படிந்திருக்கும். அந்த இரும்பு என் தலையிலும் படிந்ததைக் கண்டுபிடிக்க எனக்கு ஓராண்டு ஆயிற்று. இரும்புக் கறைக்கு ஊதா ஷாம்புவால் பயன் இல்லை. உலோகத்தைக் களையும் ஷாம்புவை மாதம் ஒரு முறை போட வேண்டும். மே முதல் அக்டோபர்வரை மழை பெய்யும் நாட்டில் கடைசி அலசலுக்கு மழைநீரைப் பிடித்துவைப்பதும் கடினமன்று. நான் அப்படித்தான் செய்கிறேன்.

நரைமுடியைக் கறுப்பு முடியைப்போல் கழுவுவது

வயதாக ஆக மண்டைத்தோலின் எண்ணெய்ச் சுரப்பு குறைகிறது. ஷாம்புவைக் குறைத்து, கண்டிஷனரைக் கூட்டுங்கள்.

அரிப்பைப் பொறுத்துக்கொண்டு இன்னொரு முறை அடிப்பது

வேண்டாம். பிபிடி ஒவ்வாமை வந்துவிட்டால் பொதுவாக வாழ்நாள் முழுதும் நீடிக்கும். அடுத்த முறை முகமும் கண்ணிமையும் வீங்கலாம்.

மாத்திரையும் எண்ணெயும் கறுப்பாக்கும் என்று நம்புவது

வயதால் வந்த நரைக்கு அப்படி ஒன்றும் இல்லை. 25 வயதுக்கு முன்பே நரைத்தவர்கள் மட்டும் மருத்துவரிடம் சென்று பி12, தைராய்டு இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கத்தரிக்கு அஞ்சுவது

மூன்று மாதத்துக்கு ஒரு முறை நுனியில் 2 சென்டிமீட்டர் வெட்டிவிடுங்கள்.

ஒளிப்படம் எடுக்காமல் விடுவது

கண்ணாடியில் தினமும் பார்ப்பவர்களுக்கு வளர்ச்சி தெரிவதில்லை. எல்லைக்கோடு மட்டுமே தெரிகிறது. ஒவ்வொரு மாதமும் ஒரே நாளில், ஒரே ஜன்னல் அருகில், காலை வெளிச்சத்தில், அதே வகிட்டோடு ஒரு படம் எடுத்துவையுங்கள். மொட்டைபோல வெட்டிய தலையோடு மோல்மீனுக்குத் திரும்பிய சின்னம்மாவுக்கு மாதாமாதம் படம் எடுத்துத் தந்தவள் அந்த மணப்பெண்தான். காதோரத்தில் முளைத்த வெள்ளை முதல் எட்டாம் மாதத்தில் பிடரியில் எஞ்சிய கறுங்கற்றைவரை எல்லாம் அந்தப் படங்களில் இருக்கின்றன. இப்போது என் கடைக்கு முதல் முறை வருகிறவர்களுக்கு, நாற்காலியில் அமர்ந்தவுடன், சின்னம்மாவின் அனுமதியோடு அவற்றைத்தான் காட்டுகிறேன்.