ஆண்டு விழா நாடகத்திலிருந்து சிறுகதைக்கு

பள்ளி ஆண்டு விழாவுக்கு வருடா வருடம் நாடகம் எழுதித் தருகிற ஆசிரியரா நீங்கள்? அப்படியானால் சிறுகதை எழுதப் புதிதாகக் கரு தேடி அலைய வேண்டாம். பழைய நாடக நோட்டை எடுங்கள். நான் கதைக்கு வந்தது அந்த வழியில்தான்.

நாடகம் எழுதும்போதே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒரே மூச்சில் சொல்ல முடிகிற அளவுக்குத்தான் ஒரு வசனம் இருக்க வேண்டும். ஒத்திகையில் பிள்ளைகள் அதையும் மாற்றிப் பேசுவார்கள். உடனே திருத்தாதீர்கள், குறித்துக்கொள்ளுங்கள். "ஏன் இவ்வளவு தாமதம்?" என்று நான் எழுதியதை ஒரு மாணவி, "இம்புட்டு நேரம் எங்க போன?" என்றாள். அம்மாவின் கோபம் அதில்தான் இருந்தது. 1918இல் மதுரையில் சிறுவர்களை வைத்து நாடக சபை தொடங்கிய சங்கரதாஸ் சுவாமிகள், தானே எழுதி, தானே வாத்தியாராக நின்று பாடம் சொல்லிக் கொடுத்தவர். பின்னாளில் சொந்தமாக நாடகக் குழு நடத்திப் புகழ்பெற்ற டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பயின்றவர்கள்தான். எழுதியவரே சொல்லிக் கொடுத்தால், வசனம் வாயில் எங்கே சிக்குகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

சரி, இனி கதை. நாடகத்தில் ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். யார் கண்வழியே சொல்வது என்று முடிவு செய்யுங்கள். அப்புறம் வசனத்தில் பாதியை அடித்துவிட்டு, அந்த இடத்தில் நடித்த பிள்ளை கையால், முகத்தால் என்ன செய்தது என்று எழுதுங்கள்.

என் நாடகம் ஒன்றில் மெக்கானிக் அப்பா, மகளின் மதிப்பெண் அட்டையைப் பார்த்து, "நான்தான் படிக்கல, நீயாவது படிம்மா" என்பார். மேடையில் கைதட்டல் வாங்கிய வசனம் அது. கதையில் அதை எடுத்துவிட்டேன். அட்டையை வாங்குமுன் அவர் கிரீஸ் கையை லுங்கியில் துடைக்கிறார். அப்படியும் ஓரத்தில் பெருவிரல் தடம் விழுந்துவிடுகிறது. மறுநாள் வகுப்பில் மகள் அந்த ஓரத்தை விரலால் மறைத்தபடி அட்டையை நீட்டுகிறாள். இவ்வளவுதான் எழுதினேன்.

முதல் வரைவுக்குக் காலாண்டு விடுமுறை போதும். விடைத்தாள் திருத்தும் நாட்களில் இதைத் தொடாதீர்கள், இரண்டுமே கெட்டுப்போகும்.

இன்னொன்றைக் கெஞ்சியே கேட்கிறேன். மாணவர் வீட்டில் நடந்ததை அப்படியே எழுதிவிடாதீர்கள். ஊர் சின்னது. அந்தப் பிள்ளை நாளைக்கும் உங்கள் வகுப்பில்தான் உட்கார வேண்டும். பெயரை மட்டும் மாற்றினால் போதாது. தொழில், உறவு, தெரு எல்லாவற்றையும் மாற்றிய பிறகுதான் நான் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.