பழைய வண்ணக் கண்ணாடியில் படிந்த வெள்ளையை எடுப்பது

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்துப் பழைய தேவாலயத்தில் வண்ணக் கண்ணாடி ஜன்னல் வெளுத்துப்போயிருந்தால், துணியைத் தொடுவதற்கு முன் அந்த வெள்ளை எது என்று கண்டுபிடியுங்கள். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் ஒன்றும், பக்கவாட்டில் பிடித்த டார்ச்சும் போதும்.

சுவர் ஓரத்தில் தடித்த திட்டாக இருந்தால் வெள்ளையடித்தபோது தெறித்த சுண்ணாம்பு. மேலிருந்து வழிந்த கோடாக இருந்தால் போர் தண்ணீரின் உப்பு. வெள்ளை, குழிகுழியான பள்ளங்களுக்குள் உட்கார்ந்திருந்தால் அதுதான் உண்மையான அரிப்பு: ஈரம் கண்ணாடியிலிருந்து பொட்டாசியத்தையும் கால்சியத்தையும் வெளியே இழுக்கிறது, காற்றிலுள்ள கந்தக டை ஆக்சைடோடு சேர்ந்து அது ஜிப்சமாகப் படிகிறது. மரச்சாம்பல் சேர்த்துச் செய்த ஐரோப்பிய இடைக்காலக் கண்ணாடிக்கு இந்த நோய் அதிகம். 19ஆம் நூற்றாண்டுக் கண்ணாடி பெரும்பாலும் சோடா சேர்ந்தது, உறுதியானது. ஆனால் அதன் மேல் தீட்டிய கறுப்புக் கோடு பல இடங்களில் சரியாகச் சுடப்படாதது. கண்ணாடி தாங்கும், அந்தக் கோட்டால் வரைந்த முகமும் துணி மடிப்பும் தாங்காது.

அதனால் முதலில் வண்ணச் சோதனை. மூங்கில் குச்சியில் பஞ்சைச் சுற்றி, காய்ச்சி வடித்த நீரில் நனைத்து, பிழிந்து, கண்ணுக்குப் படாத மூலையில் ஒரே ஒருமுறை உருட்டுங்கள். பஞ்சில் பழுப்போ கறுப்போ ஒட்டினால் அந்தப் பலகைக்கு, அதாவது அந்த வண்ணக் கண்ணாடித் துண்டுக்கு, வேலை அங்கேயே முடிந்தது. அதைக் கண்ணாடிப் பாதுகாப்பு வல்லுநரிடம் விடுங்கள். எல்லாப் பலகையையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். நீலம் தாங்கியது என்பதால் பக்கத்துச் சிவப்பும் தாங்கும் என்று நினைக்கக் கூடாது.

அடுத்தது தூசி. கிரானைட் குவாரி உள்ள ஊரில் இதுதான் பெரிய வில்லன். அந்தத் தூசியில் இருக்கும் குவார்ட்ஸ் கண்ணாடியைவிடக் கடினமானது; உலர்ந்த துணியால் துடைத்தால் உப்புத்தாள் போட்ட மாதிரி கீறும். மென்மையான ஆட்டுமுடி பிரஷால் தட்டிவிட்டு, வாய்க்கு வலைத்துணி கட்டிய வேக்குவம் குழாயைப் பக்கத்தில் பிடித்து உறிஞ்சுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் சமரசம் வேண்டாம். நம் போர் தண்ணீரின் ஃபுளோரைடு பல்லைக் கறையாக்கும். கண்ணாடியை அந்த அளவில் தின்னாது. கண்ணாடிக்குத் தொல்லை அதே தண்ணீரின் கடினத்தன்மை, காய்ந்ததும் புது வெள்ளையை விட்டுப்போகும். பெட்ரோல் பங்கில் கிடைக்கும் பேட்டரி தண்ணீரை, நீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் பாருங்கள். 10 பிபிஎம்முக்குக் கீழே இருக்கட்டும். பேட்டரி அமிலமும் அதேபோன்ற கேனில் விற்கப்படும், லேபிளை இருமுறை படியுங்கள்.

வண்ணம் தாங்கிய பலகையில் ஐந்து சென்டிமீட்டர் சதுரமாக எடுத்து, ஈரப் பஞ்சைத் தேய்க்காமல் உருட்டிக்கொண்டே போங்கள். அழுக்கானதும் பஞ்சை மாற்றுங்கள். மெழுகுத்திரிப் புகையும் சாம்பிராணிப் பிசுக்கும் இருந்தால் நீரும் எத்தனாலும் சம அளவு. தெறித்த சுண்ணாம்பை, வண்ணமில்லாத பக்கமாக இருந்தால் மட்டும், ஈரப்படுத்தி மூங்கில் சிலாம்பால் நெம்புங்கள்.

புளி, எலுமிச்சை, வினிகர் கூடவே கூடாது. பித்தளைக்குப் பழகிய கை அதைத்தான் தேடும்; ஆனால் அமிலம், கண்ணாடித் துண்டுகளைப் பிடித்திருக்கும் ஈயச் சட்டத்தைக் கரைத்து நச்சு உப்பாக்கும். திருநீறும் செங்கல் தூளும் கீறும். பழைய காலத்தில் பயன்படுத்திய ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் வண்ணத்தையும் கண்ணாடித் தோலையும் சேர்த்தே எடுத்துவிட்டது. கால்சியத்தைப் பிடித்து இழுக்கும் வேதிப்பொருளான இ.டி.டி.ஏ. கலந்த பசை ஜிப்சத்தைக் கரைக்கும். நிமிடக் கணக்கு தப்பினால் கண்ணாடியிலிருக்கும் கால்சியத்தையும் இழுக்கும். அதை நீங்கள் தொட வேண்டாம். பள்ளத்துக்குள் இறுகிய வெள்ளையை அப்படியே விடுவதே நல்லது. அடியில் இருப்பது இன்னும் பலவீனமான தோல்.

ஈயத்தின் மேல் வெண்பொடி இருந்தால் உலர்ந்து பெருக்காமல், கையுறையும் முகக்கவசமும் போட்டு ஈரத்தாளால் ஒற்றி எடுங்கள். வெயில் ஜன்னலில் நேராக விழாத காலை நேரத்தில் வேலையைச் செய்து, ஈயச் சட்டத்தின் கீழ் விளிம்பில் தேங்கிய துளியை உலர்ந்த பஞ்சால் உறிஞ்சிவிடுங்கள். கண்ணாடிக்கும் ஈயத்துக்கும் இடையில் அடைத்த பட்டி (புட்டி) நனைந்து ஊறினால் மழைநீர் அந்த வழியாகத்தான் உள்ளே வரும்.