4,000 பவளப்பாறைப் படம், ஒரு லேப்டாப்: சூப்பர் கம்ப்யூட்டரில் முதல் ஜாப் போடுவது எப்படி?

ராமேஸ்வரம் பக்கத்திலுள்ள மண்டபம் ஊரில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் ஒரு தங்கச்சி போன் செய்தாள். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிக் கடலுக்கடியில் எடுத்த 4,000 பவளப்பாறைப் படங்கள் கையில் இருக்கின்றன, எது உயிருள்ள பவளம், எது வெளுத்துப்போனது என்று பிரிக்கிற பைத்தான் நிரலும் இருக்கிறது, ஆனால் ஒரு படத்துக்கு 40 விநாடி ஆகிறது. கணக்குப் போட்டால் 44 மணி நேரத்துக்கு மேல், நடுவில் கரண்ட் போனால் திரும்ப முதலிலிருந்து. "அண்ணே, சூப்பர் கம்ப்யூட்டரெல்லாம் நமக்குக் கொடுப்பாங்களா?" என்று கேட்டாள்.

கொடுப்பார்கள். 2015இல் தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டம் தொடங்கியதே கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்காகத்தான். நமக்குப் பக்கத்தில் திருச்சி என்.ஐ.டி.யில் 2022 முதல் 'பரம் பொருள்' இருக்கிறது. அதன் உச்ச வேகம் 838 டெராஃப்ளாப்ஸ், அதாவது விநாடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள். எந்த மையமானாலும் உள்ளே நுழையப் பயனர் கணக்கு பெரும்பாலும் நெறியாளர் வழியாகத்தான் கிடைக்கும். என்ன ஆய்வு, என்ன மென்பொருள் வேண்டும், தோராயமாக எத்தனை மணி நேரம் என்று ஒரு பக்கத்துக்கு எழுதி வைத்துக்கொண்டு அவரிடம் போங்கள்.

ஆரம்பிக்கும் முன் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். சூப்பர் கம்ப்யூட்டர் என்பது ஒரே பெரிய கணினி இல்லை, வேகமான வலையில் கோத்த நூற்றுக்கணக்கான கணினிகள். ஒவ்வொன்றையும் 'நோடு' என்பார்கள். அதில் உள்ள ஒரு கோர், அதாவது கணக்குப் போடும் பகுதி, உங்கள் லேப்டாப் கோரைவிடப் பெரிய வேகமெல்லாம் கிடையாது. நிரலை அப்படியே தூக்கிப்போட்டால் அங்கேயும் ஏறக்குறைய அதே 44 மணி நேரம்தான். வேலையைப் பிரித்துக் கொடுத்தால்தான் பலன்.

சரி, உள்ளே போகலாம். கட்டளைகளை ஒலிப்படி எழுதுகிறேன், நீங்கள் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். விண்டோஸ் 10, 11 என்றால் பவர்ஷெல் என்ற கட்டளை ஜன்னலிலேயே, தூரத்துக் கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் (ssh) இருக்கிறது. அதில் உங்கள் பயனர் பெயரும் மையம் கொடுத்த முகவரியும் போட்டால் போய் நிற்பது லாகின் நோடில். அது படகுத்துறை மாதிரி, எல்லாரும் வந்து போகிற இடம். அங்கே கோப்பு திருத்தலாம், ஜாப் (கணினிக்குக் கொடுக்கும் வேலை) போடலாம், ஆனால் நிரலை ஓட்டாதீர்கள், மற்ற எல்லாருக்கும் மெதுவாகிவிடும்.

ராமேஸ்வரத்தில் விசைப்படகு கடலுக்குப் போகும் முன் மீன்துறையில் டோக்கன் வாங்குகிறார்கள் இல்லையா, இங்கே டோக்கன் கொடுப்பது ஸ்லர்ம் என்ற மென்பொருள். அதற்கு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுத வேண்டும். மேலே ஹாஷ் குறி, ஒட்டினாற்போல் பெரிய எழுத்தில் எஸ்பேட்ச் (#SBATCH) என்று தொடங்கும் சில வரிகள்: எத்தனை கோர், எவ்வளவு மெமரி, எவ்வளவு நேரம். அதற்குக் கீழே மாட்யூல் லோட் என்று பைத்தானை ஏற்றி, கடைசியில் நிரலை ஓட்டும் வரி. என்னென்ன மென்பொருள் இருக்கிறது என்று பார்க்க மாட்யூல் அவைல் (module avail).

நேரத்தையும் மெமரியையும் குத்துமதிப்பாகப் போடுவதுதான் புதியவர்கள் அடிக்கடி செய்கிற தவறு. பயந்துகொண்டு 3 நாள் கேட்டால் வரிசையில் காத்துக் கிடக்க வேண்டியதுதான். குறைந்த நேரம் கேட்ட ஜாபைப் பெரிய ஜாப்களுக்கு நடுவில் கிடைக்கிற இடைவெளியில் ஸ்லர்ம் செருகிவிடும். ரொம்பக் குறைத்துக் கேட்டாலோ நேரம் முடிந்ததும் பாதியில் நிறுத்திவிடும். அதனால் முதலில் 5 படத்தை மட்டும் ஓட்டிப் பாருங்கள். அவள் 4 ஜிபி போட்டாள், 'அவுட் ஆஃப் மெமரி' என்று செத்துப்போனது. 8 ஜிபி கொடுத்து ஓட்டிவிட்டு, எஸ்அக்ட் (sacct) கட்டளையில் மேக்ஸ்ஆர்எஸ்எஸ் (MaxRSS) என்ற பத்தியைப் பார்த்தால் உண்மையில் தேவைப்பட்டது 5 ஜிபி சொச்சம். முழு ஜாபுக்கு 6 ஜிபி கேட்டோம்.

அப்புறம்தான் பிரிப்பது. எஸ்பேட்ச் வரிகளோடு 'அரே' (array) என்று ஒரு வரி சேர்த்து 1-40 என்று போட்டால், ஒரே ஸ்கிரிப்ட் 40 ஜாபாக ஓடும். தன் எண் என்ன என்று ஒவ்வொன்றுக்கும் ஸ்லர்ம் ஒரு மாறியில் சொல்லிவிடும். எண் 1 என்றால் முதல் 100 படம், 2 என்றால் அடுத்த 100, இப்படி நிரலில் இரண்டு வரி மாற்றினால் போதும். 100 படத்துக்கு 4,000 விநாடி, அதாவது 67 நிமிடம். 2 மணி நேரம் கேட்டோம்.

அனுப்ப எஸ்பேட்ச் (sbatch), நிலைமை பார்க்க எஸ்கியூ (squeue), நிறுத்த எஸ்கேன்சல் (scancel). எஸ்கியூவில் பி.டி. (PD) என்றால் காத்திருக்கிறது, ஆர் (R) என்றால் ஓடுகிறது. அனுப்பிய பிறகு லேப்டாப்பை மூடிவிடலாம், பாம்பனில் நெட் போனாலும் ஜாப் பாட்டுக்கு ஓடும். முடிவுகளை மட்டும் அன்றைக்கே கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் (rsync) போட்டு ஊருக்கு இறக்கிவிடுங்கள். பல மையங்களில் ஸ்க்ராட்ச் என்ற தற்காலிகச் சேமிப்புப் பகுதியில் இருக்கும் பழைய கோப்புகள் தானாகவே அழிக்கப்படும், திரும்பக் கிடைக்காது.

ராத்திரி அனுப்பிவிட்டுக் காலையில் பார்த்தாள். 39 முடிந்திருந்தது, 17ஆவது மட்டும் பாதியில் நின்றிருந்தது. லாக் கோப்பைத் திறந்தால் ஒரு படம் கேமராவிலேயே கெட்டுப்போயிருக்கிறது. அந்தப் படத்தை எடுத்துவிட்டு, அரே வரியில் 17 என்று மட்டும் போட்டு மறுபடி அனுப்பினாள்.