கேம் பாய் அட்வான்ஸ் எமுலேட்டர்களை உங்கள் லேப்டாப்பிலேயே ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

கேம் பாய் அட்வான்ஸ் என்ற கைக்கருவியின் ஆட்டங்களைக் கம்ப்யூட்டரில் ஓட்ட எந்த எமுலேட்டர் பெஸ்ட் என்று நாலு பேரிடம் கேளுங்கள், அஞ்சு பதில் வரும். எல்லாமே உண்மையாகவும் இருக்கும். புது கிராஃபிக்ஸ் கார்டோடு, யுபிஎஸ்ஸோடு உட்கார்ந்திருப்பவருக்குப் பிடித்தது, கோத்தகிரியில் பழைய லேப்டாப்பை வைத்துக்கொண்டு கரண்ட் எப்போது போகுமோ என்று பார்த்துக்கொண்டிருப்பவருக்கு ஒத்துவராது, அவ்வளவுதான். அதனால் ஒரு பெயரைச் சொல்லி முடித்துவிடாமல், ஒரே சாயங்காலத்தில் நீங்களே சோதித்து முடிவெடுக்கும் வழியைச் சொல்கிறேன். ஒன்றை மட்டும் முன்பே சொல்லிவிடுகிறேன்: வேகம், படம், சத்தம் எல்லாம் அப்புறம். மலையில் இருக்கும் நமக்கு முதல் கேள்வி, ஆட்டத்தில் செய்த சேவ் தங்குமா என்பதுதான்.

எதை நகல் செய்கிறோம் என்று தெரிந்தால் ஒப்பிடுவது சுலபம். கேம் பாய் அட்வான்ஸ் 2001-இல் வந்த நின்டெண்டோ கைக்கருவி. உள்ளே 16.78 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஏஆர்எம் சிப். திரை 240-க்கு 160 புள்ளி. ஒரு விநாடிக்கு 59.73 முறை படம் மாறும். இந்த எண்ணை மனதில் வையுங்கள், பின்னால் வேண்டும். எமுலேட்டர் என்பது அந்த சிப், அந்தத் திரை, அந்த சவுண்ட் எல்லாம் இருப்பதுபோல ஆட்டத்தை நம்பவைக்கும் மென்பொருள்.

படி 1: சோதிக்க ஆட்டம் எடுங்கள்

நெட்டில் கொட்டிக் கிடக்கும் கம்பெனி ஆட்டங்களின் ரோம் கோப்புகளை, அதாவது கருவியில் செருகும் கார்ட்ரிட்ஜில் இருக்கும் ஆட்டத்தின் நகல்களை, இறக்குவது திருட்டுதான், அதில் சந்தேகம் வேண்டாம். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கார்ட்ரிட்ஜ் கையில் இருந்தால் கதை வேறு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் பிரிவு 52, மென்பொருளின் பிரதியை முறையாக வைத்திருப்பவர் பாதுகாப்புக்காக நகல் எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. ஜிபிஎக்ஸ்கார்ட் போன்ற யுஎஸ்பி ரீடரில் கார்ட்ரிட்ஜைச் செருகி ரோமையும் சேவ் கோப்பையும் எடுக்கலாம்.

நம்மில் பெரும்பாலோரிடம் கார்ட்ரிட்ஜ் கிடையாது. கவலை வேண்டாம். ஆர்வலர்கள் சொந்தமாக எழுதி இலவசமாகவே தரும் ஆட்டங்கள் இருக்கின்றன. 'அபோட்ரிஸ்' என்பது மேலிருந்து கட்டைகள் விழும் வகை, ஸ்கோரையும் சேமித்துக்கொள்ளும். 'அங்குனா' வாளோடு குகைக்குள் அலையும் சாகச ஆட்டம். பழைய கேம் பாய்க்கு 'டோபு டோபு கேர்ள்' இருக்கிறது. எல்லாமே சின்னக் கோப்புகள். கீழ்க்கோத்தகிரி பக்கம் ஒரு கோடு சிக்னலில்கூட இறங்கிவிடும். ஒப்பீட்டுக்கு அபோட்ரிஸ் ஒன்று போதும்.

படி 2: போட்டியாளர்களை இறக்குங்கள்

கம்ப்யூட்டருக்கு நான் எடுத்துக்கொள்வது நாலு.

எம்ஜிபிஏ: இலவசம், திறந்த மூலநிரல். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். தனியாக பயாஸ் கோப்பு (கருவியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) தேட வேண்டாம், தனக்கென்று ஒன்றை உள்ளேயே வைத்திருக்கிறது. பழைய கேம் பாய், கேம் பாய் கலர் ஆட்டங்களையும் ஓட்டும்.

விபிஏ-எம்: ஒரு காலத்தில் கேம் பாய் எமுலேட்டர் என்றாலே விஷுவல்பாய் அட்வான்ஸ்தான். அது நின்றுபோன பிறகு வேறு ஆட்கள் எடுத்து வளர்த்தது இது. ஏதோ சைட்டில் கிடக்கும் பழைய 1.7.2-ஐ இறக்கி 'இதுதான் ஒரிஜினல்' என்று சொல்லும் அண்ணன்மார் இன்னும் இருக்கிறார்கள். கேட்காதீர்கள்.

நானோபாய் அட்வான்ஸ்: துல்லியம்தான் இதன் குறிக்கோள், சிப்பின் ஒவ்வொரு துடிப்பையும் எண்ணி ஓட்டும். அதற்கேற்ற வலு மெஷினில் வேண்டும். பயாஸ் கோப்பையும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். ஒரிஜினல் இல்லையென்றால் ஆர்வலர்கள் எழுதிய இலவச மாற்று பயாஸ் போதும்.

ரெட்ரோஆர்க்: இது தனியாக ஒரு எமுலேட்டர் அல்ல, பல எமுலேட்டர்களைச் செருகிக்கொள்ளும் கூடு. செருகும் துண்டுக்குப் பெயர் கோர். எம்ஜிபிஏ கோர் உண்டு, ஜிபிஎஸ்பி கோர் உண்டு. ஜிபிஎஸ்பி முதலில் சோனியின் பிஎஸ்பி கைக்கருவியில் ஓடுவதற்காக எழுதப்பட்டது. அதனால் நோஞ்சான் மெஷினிலும் பறக்கும், துல்லியம் மட்டும் கொஞ்சம் குறைவு.

டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டர் போட்டு, அதற்குள் ஒவ்வொரு எமுலேட்டருக்கும் ஒரு துணை ஃபோல்டர், ஒவ்வொன்றிலும் ரோமின் தனிப் பிரதி என்று வையுங்கள். ஒரே ரோமை எல்லோரும் பகிர்ந்தால் ஒருவர் எழுதிய சேவ் கோப்பை இன்னொருவர் மிதித்துவிடுவார்.

படி 3: எல்லோரையும் ஒரே கோட்டில் நிறுத்துங்கள்

ஒன்றில் படத்தை வழவழப்பாக்கும் ஃபில்டர், இன்னொன்றில் இல்லை என்றால் ஒப்பீடு செல்லாது. ஃபில்டர், படத்தின் தோற்றத்தை மாற்றும் ஷேடர், ஆட்டத்தைப் பின்னோக்கி ஓட்டும் ரீவைண்ட் மூன்றையும் எல்லாவற்றிலும் அணைத்துவிடுங்கள். ரீவைண்ட் ஆனில் இருந்தால் நினைவகத்தையும் வேகத்தையும் சத்தமில்லாமல் தின்னும்.

அடுத்தது அளவு. தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த மெஷின்கள் பல வீட்டில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அந்தக் காலத்து லேப்டாப் திரை பெரும்பாலும் 1366-க்கு 768. கேம் பாய் அட்வான்ஸின் 160 வரிகளை 768-க்கு இழுத்தால் 4.8 மடங்கு. அந்த 0.8-தான் தொல்லை: ஒரு புள்ளி தடிமனாகவும் பக்கத்துப் புள்ளி ஒல்லியாகவும் வரும், ஆள் நடக்கும்போது முகம் நெளியும். எம்ஜிபிஏவின் ஆடியோ/வீடியோ மெனுவில் முழு எண் மடங்கில் மட்டும் பெரிதாக்கும் தேர்வு இருக்கிறது, அதை டிக் செய்யுங்கள். 4 மடங்கில் 960-க்கு 640 வரும். சுற்றிக் கறுப்பு ஓரம் இருக்கும், ஆனால் படம் கத்திபோல நிற்கும். மற்றவற்றிலும் இதே தேர்வு வேறு பெயரில் இருக்கும்.

நிறம் வெளிறித் தெரிந்தால் எமுலேட்டரைத் திட்டாதீர்கள். ஒரிஜினல் கருவியின் திரைக்கு உள்விளக்கு கிடையாது. அந்த இருட்டில் தெரிய வேண்டுமென்றே ஆட்டம் செய்தவர்கள் நிறத்தைத் தூக்கி வைத்தார்கள். நிறத் திருத்த ஷேடரைக் கடைசியில் போட்டுக்கொள்ளலாம்.

படி 4: வேகம்

சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். கரண்ட் போன நேரத்தில் ஆடப்போவது அப்படித்தானே. ஆட்டத்தில் ஒரே இடத்தில் நில்லுங்கள். எம்ஜிபிஏவில் ஜன்னலின் தலைப்பிலேயே விநாடிக்கு எத்தனை படம் என்ற எண் ஓடும், ரெட்ரோஆர்க்கில் எஃப்3 தட்டினால் வரும். எண் 59.7 பக்கத்தில் அசையாமல் நின்றால் தேர்ச்சி. 50-க்கு இறங்கினால் கண்ணுக்கு முன் காது சொல்லிவிடும், பாட்டு திக்கித் திக்கி வரும்.

பிறகு வேகத் தடையை எடுத்துவிடுங்கள். எம்ஜிபிஏவில் டேப் கீயைப் பிடித்தால் போதும். இப்போது எண் எங்கே ஏறுகிறது? 300-க்குப் போகிறது என்றால் உங்கள் மெஷினுக்கு அது ஐந்தில் ஒரு பங்கு வேலைதான். சூடும் குறைவு, சார்ஜும் நெடுநேரம் நிற்கும். 70-லேயே மூச்சு வாங்கினால் பின்னணியில் ஒரு அப்டேட் வந்தாலே ஆட்டம் தடுமாறும். நானோபாய் அட்வான்ஸ் பழைய மெஷினில் இந்த இடத்தில்தான் பின்தங்கும். அது அதன் குறையல்ல, செய்கிற வேலை அப்படி.

படி 5: துல்லியம்

'டிஎம்ஜி-ஆசிட்2' என்று ஒரு இலவச சோதனை ரோம் இருக்கிறது. பழைய கேம் பாய்க்கானது. ஓட்டினால் ஒரு சிரித்த முகம் வரும், மேலே 'ஹலோ வேர்ல்ட்' என்று எழுத்து. கண், மூக்கு, வாய் ஒவ்வொன்றும் திரை வரையும் முறையின் வெவ்வேறு நுணுக்கத்தைச் சோதிப்பதாக அமைத்திருக்கிறார்கள். எமுலேட்டர் எங்கே தப்பு செய்கிறதோ அந்த உறுப்பு காணாமல் போகும் அல்லது கோணும். படிக்கத் தெரியாத குழந்தைகூடத் தீர்ப்பு சொல்லலாம். நானோபாய் அட்வான்ஸும் ஜிபிஎஸ்பியும் பழைய கேம் பாயை ஓட்டாது என்பதால் இந்தப் பரீட்சைக்கு வராது.

அட்வான்ஸுக்கு எம்ஜிபிஏ எழுதியவரே ஒரு சோதனைத் தொகுப்பு வெளியிட்டிருக்கிறார். ஒவ்வொரு பிரிவிலும் இத்தனைக்கு இத்தனை என்று மதிப்பெண் காட்டும். கேள்வித்தாள் தயாரித்தவரே பரீட்சையும் எழுதுகிறார் என்று நீங்கள் சிரிக்கலாம். சோதனைகள் நிஜக் கருவியில் சரிபார்க்கப்பட்டவை என்பதால் பாதகமில்லை. ஆனால் மதிப்பெண்ணை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். சாதாரணமாக ஆடுபவர் கண்ணில் படாத நுணுக்கங்கள் அதில் நிறைய.

படி 6: சேவ்

இங்கேதான் நிதானமாக உட்கார வேண்டும். சேவ் இரண்டு வகை. ஆட்டத்தின் மெனுவில் போய் நீங்கள் செய்வது ஒன்று. அது கார்ட்ரிட்ஜுக்குள் இருக்க வேண்டிய நினைவகத்தின் நகல், எஸ்-ஏ-வி என்று முடியும் கோப்பாக ரோமின் பக்கத்தில் உட்காரும். இன்னொன்று சேவ் ஸ்டேட். எம்ஜிபிஏவில் ஷிஃப்ட்டும் எஃப்1-உம் தட்டினால் அந்த நொடி அப்படியே உறையும், எஃப்1 மட்டும் தட்டினால் திரும்ப வரும். வசதிதான். ஆனால் ஒரு எமுலேட்டரின் ஸ்டேட்டை இன்னொன்று படிக்காது, சில சமயம் அதே எமுலேட்டரின் புது பதிப்பே படிக்காது. ஸ்டேட்டை மட்டும் நம்பி ஆடுபவர் அந்த எமுலேட்டருக்கே வாக்கப்பட்டவர்.

அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரி பக்கம் பிடித்தால் எங்கோ ஒரு மரம் கம்பியில் சாயும், கரண்ட் போகும். பேட்டரி செத்து சார்ஜரிலேயே ஓடும் லேப்டாப் அந்த நொடியே அணையும். ஒரு நிமிஷம் முன்பு ஆட்டத்தில் சேவ் செய்தீர்கள், அது டிஸ்க்கில் எழுதப்பட்டதா?

சோதிக்க பிளக்கைப் பிடுங்க வேண்டாம், டிஸ்க் பாழாகும். இப்படிச் செய்யுங்கள். அபோட்ரிஸில் ஒரு ஸ்கோர் எடுத்து, அது பட்டியலில் ஏறியதைப் பாருங்கள். பத்து விநாடி பொறுங்கள். ஆட்டத்தை முறையாக மூடாமல், டாஸ்க் மேனேஜரைத் திறந்து எமுலேட்டரை எண்ட் டாஸ்க் கொடுத்துக் கொல்லுங்கள். மறுபடி திறந்தால் ஸ்கோர் இருக்கிறதா? நிஜ பவர் கட்டுக்கு அச்சு அசலாகச் சமம் இல்லை, ஆனால் யார் உடனே எழுதுகிறார், யார் தள்ளிப்போடுகிறார் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

எம்ஜிபிஏ, ஆட்டம் சேமித்த சற்று நேரத்திலேயே கோப்பில் எழுதிவிடும். ரெட்ரோஆர்க் கம்ப்யூட்டரில் வழக்கமாக ஆட்டத்தை மூடும்போதுதான் எழுதும். மூடுவதற்குள் கரண்ட் போனால் அன்று முழுக்க ஆடியது போச்சு. இதற்காக அதைத் தள்ளிவிட வேண்டாம். செட்டிங்ஸில் சேவிங் என்ற பகுதிக்குப் போய், சேவ்ரேம் ஆட்டோசேவ் இடைவெளியை 10 விநாடி என்று வைத்துவிட்டு அதே சோதனையை மறுபடி செய்யுங்கள். யாரும் முதலில் சொல்லித் தராத செட்டிங் இதுதான், நம் ஊருக்கு முதலில் வேண்டியதும் இதுதான்.

இன்னொரு சிக்கல், சேவின் அளவு. கார்ட்ரிட்ஜ்களில் சேவ் நினைவகம் ஒரே மாதிரி இல்லை. 512 பைட்டும் உண்டு, 32 கிலோபைட், 64, 128-உம் உண்டு. ஆட்டம் எதை எதிர்பார்க்கிறது என்று எமுலேட்டர் ஊகிக்க வேண்டும். சொந்தக் கார்ட்ரிட்ஜிலிருந்து போகிமான் எமரால்டு எடுத்தவர்கள் பழைய விபிஏவில் பார்த்திருப்பீர்கள்: '1எம் சப்-சர்க்யூட் போர்டு பொருத்தப்படவில்லை' என்று ஒரு மிரட்டல் வரும். எந்த போர்டும் வாங்க வேண்டாம். 128 கிலோபைட் வேண்டிய இடத்தில் 64 கொடுக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். சேவ் வகையை ஃபிளாஷ் 128 என்று மாற்றினால் போகும். எம்ஜிபிஏவில் இதற்கு டூல்ஸ் மெனுவில் கேம் ஓவர்ரைட்ஸ் இருக்கிறது. பெரும்பாலும் தானே சரியாகக் கண்டுபிடிக்கும், கை வைக்க வேண்டியிருக்காது.

இத்தனையும் பார்த்த பிறகு என் ஓட்டு எங்கே என்று கேட்டால்: பழைய லேப்டாப்புக்கு எம்ஜிபிஏ. அதுவும் திணறினால் ரெட்ரோஆர்க்கில் ஜிபிஎஸ்பி, ஆட்டோசேவ் ஆனில். நல்ல மெஷினும் நுணுக்கத்தில் ஆசையும் இருந்தால் நானோபாய் அட்வான்ஸ். விபிஏ-எம் ஏற்கெனவே பழகியவருக்கு.

படி 7: போனுக்கு மாற்றுவது

எம்ஜிபிஏவுக்கென்று அதிகாரபூர்வ ஆண்ட்ராய்டு ஆப் கிடையாது. அந்தப் பெயரில் ஏதாவது கண்ணில் பட்டால் விலகிப் போங்கள். போனில் ரெட்ரோஆர்க்கையே போட்டு எம்ஜிபிஏ கோரை இறக்கலாம். அது சிக்கலாகத் தெரிந்தால் லெமுராய்டு, செட்டிங் குறைவு, பழகுவது சுலபம். ஐபோனில் 2024 ஏப்ரல் முதல் ஆப் ஸ்டோரிலேயே டெல்டா என்ற எமுலேட்டர் கிடைக்கிறது. எதுவானாலும் ஆப்பை நீக்குவதற்கு முன் சேவ் கோப்பை வெளியே பிரதி எடுங்கள், சில ஆப்கள் போகும்போது சேவ் கோப்பையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். (பஸ்ஸில் ஆடத்தான் போனில் போடுகிறேன் என்பவர்களுக்கு: கல்லட்டி வழியாக மசினகுடி இறங்கும் 36 கொண்டை ஊசி வளைவில் மட்டும் வேண்டாம். பக்கத்து சீட்காரர் பாவம்.)

லேப்டாப்பில் விட்ட இடத்திலிருந்து போனில் தொடர, எஸ்-ஏ-வி கோப்பை யுஎஸ்பி கேபிளில் போனுக்கு நகலெடுங்கள். ரெட்ரோஆர்க் அதே சேவ் கோப்பை எஸ்-ஆர்-எம் என்ற முடிவோடு எதிர்பார்க்கும். உள்ளே இருப்பது ஒன்றுதான், பெயரின் கடைசி மூன்று எழுத்தை மாற்றி அதன் சேவ்ஸ் ஃபோல்டரில் போட்டால் போதும். பழைய ஸ்கோர் வரவில்லையென்றால் முதலில் பெயரைப் பாருங்கள்: ரோமின் பெயரும் சேவின் பெயரும் எழுத்துக்கு எழுத்து, இடைவெளிக்கு இடைவெளி ஒத்திருக்க வேண்டும். இரண்டாவது முறை இறக்கிய ரோமின் பெயரில் தானாக ஒட்டிக்கொள்ளும் அடைப்புக்குறி 1-தான் பெரும்பாலும் குற்றவாளி. அதை அழித்துவிட்டு மறுபடி திறங்கள்.