கலுங்கிலிருந்து தொடங்குங்கள்: செட்டிநாட்டுப் பொட்டலை ஒரு நாளில் நடந்து பார்க்கும் முறை

செட்டிநாட்டுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வீடுகளைப் பார்க்கவே வருகிறார்கள். கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீடு, ஆத்தங்குடியில் ஒரு தளக்கல் பட்டறை, காரைக்குடியில் பழம்பொருள் கடைத்தெரு என்று முடித்துக்கொண்டு, இடையில் கிடக்கும் செம்மண் வெளியைக் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கடந்துபோகிறார்கள். கேட்டால், "வெறும் பொட்டல்தானே" என்பார்கள். சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் 73 ஊர்களும் 2 நகரங்களுமாக 1,550 சதுர கிலோமீட்டருக்குப் பரந்துள்ள இந்த நிலப்பகுதி, 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தலங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றது. அதில் வீடுகள் நிற்கும் இடம் மிகச் சிறிது. மீதியெல்லாம் பொட்டலும், கண்மாய் எனப்படும் பாசன ஏரிகளும், புஞ்சையும்தான். அந்த மீதியை எப்படிப் பார்ப்பது என்பதற்கே இந்தக் குறிப்பு.

இங்கே கண்ணை இழுக்கும் அருவியோ உயர்ந்த மலைத்தொடரோ கிடையாது. ஆகையால் காட்சியைத் தேடிப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். தண்ணீர் எங்கிருந்து வந்தது, எங்கே நிற்கிறது, மிஞ்சியது எங்கே போகிறது என்ற மூன்று கேள்விகளைப் பிடித்துக்கொண்டு நடந்தால், எந்த மரம் ஏன் அங்கே நிற்கிறது, எந்தப் பறவை ஏன் அங்கே இறங்குகிறது, ஊர் ஏன் அந்த மேட்டில் அமைந்தது என்பவை ஒவ்வொன்றாகத் தெளியும்.

எப்போது வருவது

ஆண்டுக்கு ஏறத்தாழ 900 மில்லிமீட்டர் மழை பெறும் இந்தப் பகுதிக்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவமழையே கண்மாயை நிரப்பும் மழை. எனவே மார்கழி முதல் வாரத்திலிருந்து மாசி நடுப்பகுதி வரை நல்ல காலம்: கண்மாயில் தண்ணீர் நிற்கும், பறவைகள் கூட்டில் இருக்கும், வெயிலும் பொறுக்கும்படி இருக்கும். நான் முதன்முறை வேட்டங்குடிக்குப் போனது சித்திரையில். இரவல் வாங்கிய தொலைநோக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய், வெடித்துக் கிடந்த களிமண்ணையும் அதில் மேய்ந்த ஆடுகளையும் பார்த்துவிட்டுத் திரும்பினேன். ஆடு மேய்த்த பெரியவர், "இப்ப வந்தா என்னத்தப் பாக்குறது தம்பி, தண்ணி வத்துனா பறவையும் போயிரும்ல" என்று சொன்னதோடு சரி, சிரிக்கக்கூட இல்லை. தை 3-ஆம் நாள் சிராவயல் மஞ்சுவிரட்டு நடக்கும்; அன்று அந்த வழியில் வண்டி நகராது. மஞ்சுவிரட்டுப் பார்க்க வந்தால் அதை மட்டும் பாருங்கள்; பறவைக்கு வேறு நாள் வையுங்கள்.

எடுத்து வர வேண்டியவை கொஞ்சமே. தண்ணீர், தொப்பி, இருந்தால் ஒரு தொலைநோக்கி. காலுக்கு மட்டும் கனமான அடிப்பாகமுள்ள ஷூ கட்டாயம் வேண்டும். சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு மேலே வந்துவிடும்.

காலையில் வேட்டங்குடி

காரைக்குடியிலிருந்து மதுரைச் சாலையில் திருப்பத்தூரைத் தாண்டிப் போனால் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் வரும். காலை ஆறரைக்கு அங்கே இருக்கும்படி புறப்படுங்கள். 1977-இல் அறிவிக்கப்பட்ட இந்தச் சரணாலயத்தின் பரப்பு 38.4 ஹெக்டேர்தான், வேட்டங்குடிப்பட்டி, பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி ஆகிய மூன்று கண்மாய்களே அது. சரணாலயம் என்றதும் பெரிய காட்டை எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு, ஓர் ஊர்க் கண்மாயும் அதற்குள் தண்ணீரில் நிற்கும் கருவேல மரங்களும் சற்று ஏமாற்றமாகத் தோன்றலாம். கொஞ்ச நேரம் கரையில் உட்கார்ந்திருங்கள்.

முதலில் காதில் விழுவது கூட்டின் இரைச்சல். நத்தைகுத்தி நாரை, சங்குவளை நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், சாம்பல் நாரை, வக்கா, நீர்க்காகம், பாம்புத்தாரா என்று ஒரே மரத்தில் அடுக்கடுக்காகக் குடியிருப்பார்கள். எல்லாவற்றையும் அடையாளம் காண முயலாமல் நத்தைகுத்தி நாரை ஒன்றை மட்டும் அரை மணி நேரம் பின்தொடருங்கள். அதன் மேல் அலகும் கீழ் அலகும் நுனியில் சேர்ந்து, நடுவில் பாக்கு வெட்டி போல இடைவெளி விட்டு நிற்கும். ஓரச் சேற்றில் அலகைச் செலுத்தித் துழாவி, நத்தை அகப்பட்டதும் தலையை நீருக்குள்ளேயே வைத்துச் சிறிது நேரம் ஏதோ வேலை செய்யும். நிமிரும்போது சதை மட்டும் அலகில் இருக்கும். தண்ணீர் இறங்கிய ஓரத்தில் தேடினால், உடையாத வெற்று நத்தை ஓடுகள் கிடைக்கும். அந்த ஓடு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால், இத்தனை பறவைகள் இங்கே கூடுவதற்கான காரணத்தில் பாதி புரியும். நத்தை வயலிலும் கண்மாயிலும் வளர்கிறது. வயலுக்குத் தண்ணீர் போகாவிட்டால் நத்தையும் இல்லை, நாரையும் இல்லை.

மீதிப் பாதிக் காரணம் ஊர்க்காரர்கள். கூட்டிலிருக்கும் பறவைகள் மிரண்டுவிடும் என்பதற்காகக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடி மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. எனவே நீங்களும் கரையில் பாட்டு வைக்காதீர்கள், பறவை எழும்பிப் பறக்க வேண்டுமென்று கை தட்டாதீர்கள். ஒரு முறை மொத்தமாக எழும்பினால் காகம் முட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

கண்மாயை வாசிப்பது

பறவை பார்த்த பிறகு, அருகில் உள்ள ஏதாவதொரு பாசனக் கண்மாயின் கரையில் ஏறி, கலுங்கைத் தேடிக்கொண்டு நடங்கள். பெரும்பாலோர் வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடையைத்தான் முதலில் பார்ப்பார்கள். கலுங்கிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் அனுபவம். கண்மாய் நிரம்பியபின் மிகைநீர் வழிந்தோடுவதற்காகக் கரையின் ஒரு முனையில் கல்லால் கட்டிய தளமே கலுங்கு. பழைய கலுங்குகளில் அத்தளத்தின் மீது வரிசையாகக் குத்துக்கற்கள் நிற்கும். மழைக்காலக் கடைசியில் அவற்றின் இடையே மண்ணும் தழையும் வைத்து அடைத்து இன்னும் ஒரு முழம் தண்ணீரை நிறுத்திக்கொள்வது வழக்கம். அந்தத் தளத்தில் நின்று, அதே மட்டத்தில் கண்ணைத் தண்ணீர் நிற்கும் உள்வாய்ப் பக்கம் ஓட்டுங்கள். கண்மாய் நிறைந்தால் தண்ணீர் எதுவரை ஏறும் என்பது அந்த மட்டத்தில் தெரிந்துவிடும். நீருக்குள் நிற்கும் கருவேல மரங்களின் அடிமரத்தில் சேறு காய்ந்த கோடு இருக்கும். உங்கள் கணக்கு சரியா என்று அதை வைத்துச் சரிபார்க்கலாம்.

பிறகு கரையின் வளைவைக் கவனியுங்கள். நிலம் பொதுவாக வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் சரிவதால், கரையின் வயிறு பெரும்பாலும் கிழக்கு அல்லது தென்கிழக்கு நோக்கிப் புடைத்திருக்கும். இரண்டு முனைகளும் மேட்டில் போய்ச் சேரும். வழி தெரியாமல் நின்றால் இதை வைத்தே திசை சொல்லிவிடலாம். பறம்பு நாட்டுச் சிறுகுளத்தின் கரையை எட்டாம் நாள் பிறைக்கு ஒப்பிடும் கபிலரின் பாட்டு புறநானூற்றில் 118-ஆவது. பாரியின் பறம்பாகக் கருதப்படும் பிரான்மலை, சிங்கம்புணரியை அடுத்து இங்கிருந்து வடமேற்கே நிற்கிறது. அந்த உவமை அழகுக்காகச் சொன்னது மட்டுமல்ல, அளவாகவும் சரியானது என்பது கரையில் நடந்தவர்க்கே தெரியும்.

கலுங்கில் வழியும் நீர் வீணாவதில்லை. கீழே உள்ள அடுத்த கண்மாய்க்கு அதுவே வரத்து. இப்படி ஒன்றின் கழிவு இன்னொன்றின் வரவாகச் சங்கிலிபோல் போய்க்கொண்டே இருக்கும். நேரம் இருந்தால், கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் வழியே மேல்நோக்கி ஒரு கிலோமீட்டர் நடந்து பாருங்கள். கண்மாய் ஏன் நிரம்பவில்லை என்பதற்கான விடை பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்: சீமைக்கருவேலம் அடைத்திருக்கும், அல்லது மண் மேவி வாய்க்கால் இருந்த தடமே அழிந்திருக்கும். மடையருகே கழுத்தைச் சுருக்கிக்கொண்டு அசையாமல் நிற்கும் பழுப்புக் கொக்கை இங்கே மடையான் என்பார்கள். பெயருக்குக் காரணம் கேட்கவேண்டிய அவசியமே இருக்காது. பழைய மடைக்கற்களில் எழுத்து இருந்தால் படம் எடுத்துக்கொள்ளலாம். எழுத்துத் தெளிவாகத் தெரிய வேண்டுமென்று சுண்ணாம்போ மாவோ தடவக் கூடாது.

பொட்டலும் கோயில் காடும்

கண்மாயை விட்டு மேட்டுக்கு ஏறியதும் செம்புராங்கல் தொடங்கும். மழையும் வெயிலும் மாறிமாறிப் பட்டு மண்ணின் மற்றச் சத்துகள் கரைந்தோட, இரும்பு பெருமளவு தங்கி இறுகிய கல் இது. அந்தச் சிவப்புக்குக் காரணம் இரும்புதான். புதுக்கோட்டைப் பக்கத்துப் பொட்டல்களில் இதே கல்லை வட்டமாக நட்டு வைத்த பெருங்கற்கால ஈமச் சின்னங்கள் உண்டு. தரையில் வட்டமாகப் புதைந்த கற்களைக் கண்டால் சுற்றிப் போங்கள், ஒன்றையும் பெயர்க்காதீர்கள்.

இங்கே தரையைப் பார்த்து நடக்க இன்னொரு காரணமும் உண்டு. ஆள்காட்டிக் குருவி கூடு கட்டாது. சரளைக்கு நடுவே லேசான பள்ளத்தில் நான்கு முட்டை இட்டுவிடும். மண் நிறத்தில் கரும்புள்ளி தெறித்த அந்த முட்டைகள் காலடியில் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தத் தொடங்கினால், முட்டை எங்கேயென்று தேட வேண்டாம். வந்த வழியே இருபது அடி பின்வாங்குங்கள்.

பொட்டல் என்றும் இப்படியே இருந்தது என்று எண்ணிவிட வேண்டாம். 1801-இல் மருது சகோதரர்களை எதிர்த்து வந்த ஆங்கிலேயக் கம்பெனியின் கர்னல் அக்னியூவின் படை, சிறுவயலிலிருந்து காளையார்கோயிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை போட ஒரு மாதம் முயன்று, முடியாமல் பின்வாங்கியது. வேறு வழியாகச் சென்றே அக்டோபர் 1-ஆம் நாள் காளையார்கோயிலைப் பிடித்தார்கள். அதே மாதம் 24-ஆம் நாள் திருப்பத்தூரில் மருதிருவரையும் தூக்கிலிட்டார்கள். ஒரு படையையே ஒரு மாதம் நிறுத்திய அந்தக் காடு எப்படி இருந்திருக்கும் என்று அறிய இன்று ஒரே வழி, அய்யனார் கோயில் காடுகளுக்குள் போய்ப் பார்ப்பதுதான்.

இக்காடுகளில் சில ஒரு ஏக்கர்கூட இருக்காது. வீரை, உலக்கைப்பாலை, காசான், உசில், சூரை என்று ஆளுயரத்திலிருந்து பின்னிக்கொண்டு நிற்கும். நண்பகலிலும் உள்ளே நிழல் கனமாக இருக்கும். சாமியின் பெயரால் குச்சிகூட ஒடிக்காமல் விட்டதால் மிஞ்சியவை இவை. வெளியே உள்ள தைலமரத் தோப்பிலிருந்து உள்ளே வந்தால் வேறுபாட்டைக் காதே சொல்லிவிடும்: தைலமரத்தடியில் காய்ந்த இலைச் சத்தம் மட்டும்; இங்கே செம்போத்தும் தவிட்டுக்குருவியும் ஓயாது. போகுமுன் ஊரில் பெரியவர் ஒருவரிடம், "அய்யா, கோயில் காட்டைப் பாக்கலாமா?" என்று கேட்டுவிடுங்கள். சில காடுகளுக்குப் பெண்கள் போவதில்லை, சிலவற்றுக்குக் குறிப்பிட்ட நாளில்தான் போவார்கள். வழக்கம் ஊருக்கு ஊர் மாறும். செருப்பை வெளியே விட வேண்டும். புரவி எடுப்பு விழாவில் வைத்த மண்குதிரைகள் உடைந்து கிடந்தாலும் எடுத்து வரக் கூடாது. அவை கழித்துப்போட்ட பொருள்கள் அல்ல.

ஊருணி, பிறகு திருமயம்

மதிய வெயிலை ஊருக்குள் கழிப்பது நல்லது. பிள்ளையார்பட்டி, குன்றக்குடி வழியாகக் காரைக்குடி வந்து சாப்பிட்டுவிட்டுக் கானாடுகாத்தானுக்குப் போங்கள். வீடுகளைப் பார்க்கும்போது மேலே பார்ப்பதை விட்டு முற்றத்தின் மூலையைப் பாருங்கள். நான்கு பக்கக் கூரையிலும் விழும் மழைநீர் முற்றத்தில் இறங்கி, அங்கிருந்து தெருவோர வடிகாலுக்குப் போய், முடிவில் ஊருணியைச் சேரும்படி ஊரையே வாட்டம் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். ஊருணி குடிதண்ணீருக்கானது, கண்மாய் வயலுக்கானது. அதனால்தான் ஊருணிக்குக் கல்லால் சுவரும் படித்துறையும் உண்டு, அதில் காலை நனைக்கவும் விடமாட்டார்கள். ஒரு போகத்துக்கு மேல் நம்ப முடியாத இந்த மண்ணிலிருந்து பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போய்ச் சம்பாதித்தவர்கள், திரும்பி வந்து தேக்குத் தூணுக்குச் செலவிட்ட அதே கையால் ஊருணி வெட்டவும் செலவிட்டார்கள். தூணைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். ஊருணியைப் பற்றி அவ்வளவாக இல்லை.

நான்கு மணிக்குள் திருமயத்தை அடைந்துவிடுங்கள். மாலையில் கோட்டைக் கதவை மூடிவிடுவார்கள். 1687-இல் இராமநாதபுரம் சேதுபதி மன்னர் கட்டிய கோட்டை இது. மலையைக் குடைந்த சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும் அதற்குப் பல நூற்றாண்டுகள் மூத்தவை. பீரங்கி வைத்த உச்சி மேடைக்கு ஏறி, வெயில் சாயும் வரை காத்திருங்கள். காலையில் கலுங்கில் நின்று கண்ணால் இழுத்த மட்டக் கோடு போலவே ஒன்றை இப்போது மேலிருந்து இழுக்கலாம். சுற்றிலும் உள்ள கண்மாய்களில் தண்ணீர் தகதகவென்று தனித்துத் தெரியும். ஒவ்வொன்றின் கீழ்ப்புறத்திலும் பனைமரம் வரிசை பிடித்த கரை வளைந்து கிடக்கும். எது எதற்கு மிகைநீர் அனுப்புகிறது என்று விரலால் தொட்டுத் தொடர்ந்து பாருங்கள். மூன்று கண்மாய் வரை எனக்குத் தெளிவாகப் பிடிபடும்; நான்காவதற்குள் காவலர் கீழே இறங்கச் சொல்லிவிடுவார்.