சீனாவுக்கு மெஷின் பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மசாலாத்தூள் பாக்கெட் போடும் மெஷினை சீனாவில் ஆர்டர் கொடுத்து வரவழைப்பது இன்று சிறு தொழில் செய்பவர்களுக்கும் சாதாரணமாகிவிட்டது. பெரும்பாலும் 30 சதவீதம் அட்வான்ஸ், மெஷின் தயாரானதும் மீதி 70 சதவீதம், அதற்கப்புறம்தான் கப்பல். அந்த மீதிப் பணம் உங்கள் கையில் இருக்கும்வரைதான் உங்கள் பேச்சு அங்கே எடுபடும். அதைக் கொடுப்பதற்கு முன் நேரில் போய் ஓட்டிப் பார்க்கத்தான் அந்த இரண்டு மூன்று நாள் பயணம். கடன் வாங்கி முதல் போட்டவர்கள்கூட ஃபேக்டரியைச் சுற்றிப் பார்த்து, விருந்து சாப்பிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பி வருவதைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது.

இருப்பதிலேயே பெரிய தவறு, ஃபேக்டரிக்காரர்கள் காட்டும் டிரையலைப் பார்த்துவிட்டு ஓகே சொல்வது. நீங்கள் போகும்போதே மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே உப்போ சர்க்கரையோ இருக்கும், பாக்கெட் செய்யும் பிளாஸ்டிக் சுருளான ஃபிலிமும் அவர்களுடையது. நிமிடத்துக்கு 60 பாக்கெட் வரிசையாக வந்து விழும். மிளகாய்த்தூள் அப்படி விழாது. எண்ணெய்ப் பசையோடு, தூள் கொட்டும் தொட்டியான ஹாப்பரின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும், நடுவில் குழி விழும், கீழே தூளைத் தள்ளும் திருகு வெறுமனே சுற்றும். பறக்கிற தூள் சீல் விழும் இடத்தில் படிந்தால் சீல் பிடிக்காது. அதனால் நீங்கள் எந்த ஃபிலிமில் பாக்கெட் போடப் போகிறீர்களோ, அதே ஃபிலிமில் ஓரிரு ரோலை முன்கூட்டியே கூரியரில் அனுப்பிவிடுங்கள். உணவுப் பொருளைப் பெட்டியில் கொண்டுபோனால் கஸ்டம்ஸில் சிக்கலாம். மிளகாய்த்தூள் சீனாவிலேயே தாராளமாகக் கிடைக்கும். உங்கள் தூள் எவ்வளவு நைஸ் என்று சொல்லி, அதே பதத்தில் வாங்கி வைக்கச் சொன்னால் போதும்.

பத்து நிமிட ஓட்டத்தை டிரையல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு மூன்று மணி நேரமாவது நிற்காமல் ஓடட்டும். சூடு ஏறிய பிறகுதான் சீல் சுருங்குவதும், ஃபிலிம் ஒரு பக்கமாக இழுப்பதும், எடை மெல்ல மாறுவதும் தெரியும். நல்ல பாக்கெட்டாகப் பொறுக்கி எடுக்காமல், தொடர்ந்து விழும் 30 பாக்கெட்டை அப்படியே எடுத்து ஒவ்வொன்றாக எடை போடுங்கள். அதற்கு உங்கள் டிஜிட்டல் தராசையே கொண்டுபோங்கள். 100 கிராம் பாக்கெட்டில் 2 கிராம் கூடுதலாக விழுந்தால் சின்ன விஷயமாகத் தோன்றும். நிமிடத்துக்கு 60 வீதம் எட்டு மணி நேரத்துக்கு 28,800 பாக்கெட். ஒரே நாளில் 57 கிலோவுக்கு மேல் இலவசமாகப் போகிறது. எடை பார்த்த பாக்கெட்டுகளைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பாருங்கள். குமிழி வந்தால் அந்த சீல் தேறாது.

அடுத்து, கரன்ட். அங்கே மூன்று ஃபேஸ் 380 வோல்ட். நம் ஊரில் 400, 415 வரும். ஆர்டரில் எழுதியிருக்கிறோமே என்று விட்டுவிடாமல், மோட்டார்மேல் இருக்கும் தகட்டைப் படியுங்கள். பேனலைத் திறக்கச் சொல்லி வயர்களில் நம்பர் ஒட்டியிருக்கிறதா, கான்டாக்டரும் (மோட்டாரை ஆன், ஆஃப் செய்யும் சுவிட்ச்) சென்சாரும் நம் ஊர்க் கடையில் கிடைக்கும் பிராண்டா என்று பாருங்கள். டச் ஸ்கிரீன் முழுக்க ஆங்கிலத்துக்கு மாறுகிறதா என்பதை அலாரம் பக்கம் வரைக்கும் போய்ப் பார்க்க வேண்டும். முதல் பக்கம் மட்டும் ஆங்கிலத்தில் இருந்து, கோளாறு வரும்போது சீன எழுத்து வந்து நின்றால் ஆபரேட்டர் என்ன செய்வார்? மெஷினை இயக்கும் கன்ட்ரோலரான பிஎல்சியின் புரோகிராம் காப்பி, பாஸ்வேர்டு, ஆங்கிலத்தில் வயரிங் டிராயிங் மூன்றையும் அங்கேயே வாங்கிவிடுங்கள். பணம் போன பிறகு கேட்டால் நாளை நாளை என்றுதான் பதில் வரும்.

தேதி விஷயத்திலும் பலர் கோட்டை விடுகிறார்கள். சீனப் புத்தாண்டுக்கு முந்தைய வாரங்களில் போகாதீர்கள். ஆட்கள் ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் இருப்பார்கள். நீங்கள் சொல்லும் திருத்தம் விடுமுறை முடியும்வரை கிடக்கும். அக்டோபர் 1-இல் தொடங்கும் விடுமுறை வாரமும் அப்படித்தான். மதியம் 12 மணிக்குச் சாப்பாடு, அப்புறம் விளக்கை அணைத்துவிட்டு ஒரு குட்டித் தூக்கம் என்பது அங்கே பல ஃபேக்டரிகளில் வழக்கம். அந்த நேரத்தைக் கழித்துவிட்டு டிரையலைத் திட்டமிடுங்கள்.

மற்றவை சுருக்கமாக. டூரிஸ்ட் விசாவில் போகாமல், சப்ளையரிடம் அழைப்புக் கடிதம் வாங்கி பிசினஸ் விசா எடுங்கள். ஃபேக்டரி வைஃபையில் ஜிமெயிலும் வாட்ஸ்அப்பும் திறக்காது; பர்சேஸ் ஆர்டர், டிராயிங் எல்லாம் போனிலேயே இறக்கி வையுங்கள். அங்கே பணம் கட்ட உதவும் வீசாட், அலிபே ஆப் இரண்டையும் இங்கேயே பதிவு செய்து, கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் ஆன் செய்துவிடுங்கள். உள்நாட்டு விமானத்தில் ஏறுவதாக இருந்தால், 3சி முத்திரை (சீனாவின் பாதுகாப்புச் சான்று) இல்லாத பவர் பேங்க்கை 2025 ஜூன் 28 முதல் அங்கே அனுமதிப்பதில்லை.

கடைசி நாள்தான் ஆபத்தான நாள். ஏர்போர்ட்டுக்கு வண்டி வந்து நிற்கும், கையெழுத்துப் போடத் தாளை நீட்டுவார்கள், “சின்ன வேலைதான், நீங்கள் போனதும் முடித்துவிடுகிறோம்” என்பார்கள். அதை நம்பி மொட்டையாகக் கையெழுத்துப் போடாதீர்கள். முந்தின நாள் மாலையே குறைகளை ஒவ்வொன்றாக எழுதி, போட்டோவோடு, யார் எந்தத் தேதிக்குள் சரிசெய்வது என்று இரண்டு பேரும் கையெழுத்திடுங்கள். திருத்திய பிறகு அதே ஃபிலிமில் ஓடும் வீடியோ வந்தால்தான் பேலன்ஸ் என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும்.

கிளம்பும் முன் பேங்க் கணக்கு எண்ணை நேரிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். சப்ளையரின் மெயிலை ஹேக் செய்து, “கணக்கு மாறிவிட்டது, புதிய கணக்கில் போடுங்கள்” என்று எழுதிப் பணம் பறிக்கும் கும்பல்கள் இருக்கின்றன. அப்படி ஒரு மெயில் வந்தால், நீங்கள் நேரில் பார்த்துப் பேசிய ஆளை வீடியோ காலில் அழைத்துக் கேட்கும்வரை ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம்.